எண்ணெய்க் குப்பியில் சிரித்தவள்

நேற்று எங்கள் ராஜா அண்ணாமலைபுரம் வீட்டு வாசற்கதவுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். டர்பன்டைன் வாசனை கூடம் வரைக்கும் வந்துவிட்டது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். வயசானால் இப்படி ஏதாவது ஒரு கிறுக்கு வந்துவிடுகிறது.

அந்த வாசனைக்குள் ராயப்பேட்டை அச்சுக்கூடம் ஒன்று இருக்கிறது. லேபிள் அச்சடிக்கும் இடம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் பாதி காலியானபோது, அங்கே படம் போடுகிறவர்களும் ஊருக்குப் போய்விட்டார்கள். அப்படிக் காலியான ஒரு நாற்காலியில்தான் சாந்தோமிலிருந்து போன நான் உட்கார்ந்தேன். சித்திர அறையில் நான் ஒருத்திதான் பெண். சேலைத் தலைப்பில் எப்போதும் ஏதாவது வர்ணம் ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பக்கத்து வரிசைக்காரர்கள் பீடத்தை விட்டுவிட்டு அதைத்தான் பார்ப்பார்கள்.

முதலாளி சாயபு நல்ல மனிதர். ஆனால் வாடிக்கைக்காரர் வந்தால் எங்கள் அறைக் கதவைச் சாத்திவிடுவார். "பொம்பள போட்டதுன்னு தெரிஞ்சா வேலைய வேற எடத்துக்குக் கொண்டுபோயிடுவாங்க, பேட்டி" என்பார். 'மகளே' என்பதை அவர் பாஷையில் அப்படித்தான் சொல்வார்.

ஒரு கூந்தல் தைல லேபிளுக்குத் தலை பின்னிக்கொள்ளும் பெண்ணின் படம் வேண்டியிருந்தது. என் தங்கை மேரியை உட்காரவைத்துப் போட்டேன். அவளுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. அந்தச் சிரிப்பு அப்படியே படத்தில் விழுந்துவிட்டது. எனக்கு என்ன தைரியமோ, ஓரத்தில் பொடி எழுத்தில் என் பெயரையும் எழுதினேன்.

தைலக்காரர் திருவல்லிக்கேணியிலிருந்து வந்தார். படம் பிடித்துப்போய், போட்டவரைப் பார்க்கவேண்டும் என்றார். சாயபு எங்களோடு எழுத்து எழுதும் முனுசாமியை முன்னால் தள்ளினார். முனுசாமி தலையைச் சொறிந்தார்.

"நான் எழுத்துக்காரன் சார். மூஞ்சி போட்டது நான் இல்ல. தோ, கதவுக்குப் பின்னால குந்திக்கினு கீதே, அந்தத் தங்கச்சி."

நானே கதவைத் திறந்துகொண்டு வந்தேன். "நான்தான் போட்டேன்" என்றேன்.

தைலக்காரர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "படம் இருக்கட்டும்மா. பேரு மட்டும் வேணாம். கடைக்காரங்க சிரிப்பாங்க."

பிளேடால் நானே சுரண்டினேன். காகிதம் மெலிந்து, பெயர் இருந்த இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. முனுசாமி தன் எழுத்துக்கடியில் வழக்கமாகப் போடும் 'மு'வை அந்த லேபிளில் போடவில்லை. கேட்டதற்கு, "உன்து இல்லாதப்போ என்து மட்டும் இன்னாத்துக்கு?" என்றார்.

பிறகு மயிலாப்பூர், தியாகராய நகர் என்று எந்தக் கடைக்குப் போனாலும் மேரி குப்பிகளில் வரிசை வரிசையாக நின்று சிரித்தாள். "ஒன்ன எங்கியோ பாத்தாப்ல கீதே" என்று கடைக்காரர்கள் அவளையே கேட்டார்களாம். ஓடிவந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

யுத்தம் முடிந்து, ஊருக்குப் போயிருந்த ஆண்கள் திரும்பி வந்தார்கள். என் இடம் அவர்களில் ஒருவருக்குப் போயிற்று. நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சரானேன். அடுத்த மழைக்காலத்தில் மேரி காய்ச்சலில் போய்விட்டாள். அவளை ஒரு போட்டோ எடுத்துவைக்க எங்களுக்குத் தோன்றவேயில்லை. ஊரெல்லாம் அவள் முகம் இருந்ததே!

இப்போது அந்த அச்சுக்கூடமும் இல்லை, தைலமும் இல்லை. காலியான குப்பியை யார் அப்படியே வைத்திருப்பார்கள், சொல்லுங்கள்? ஊறவைத்து, லேபிளை உரித்துப் போட்டுவிட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிவைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டிலும்தான்.