இரண்டு பக்கமும் பச்சை

அக்காவுக்குப் பென்சிலின் ஆகாது. ஊசி போட்டால் தொண்டை அடைத்துவிடும். இது அவள் கணவருக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். தம்பிக்கு அவர் மாமா. இருவரும் ஒரே கம்பெனியில் அடுத்தடுத்த நாற்காலியில் ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதுகிறவர்கள். பேச்சுவார்த்தைதான் கிடையாது. “உன் தம்பிக்கு வேலையே நான் வாங்கிக் குடுத்தது” என்று விருந்தாளிகள் முன்னால் மாமா சொல்லிவிட்டார். தம்பி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். அதிலிருந்து எதற்கும் அக்காதான் தூது.

ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவர்கள் செய்தது சோப் வெப் சர்வீஸ். குளிக்கிற சோப் இல்லை. யாருக்கு எந்த மருந்து ஆகாது என்று வரவேற்பில் பதிந்ததை மருந்தகத்துக்குச் சேர்க்கிற ஏற்பாடு. அனுப்பும் கிளையன்ட் மாமா எழுதியது, வாங்கும் சர்வர் தம்பி எழுதியது. இரண்டையும் பேசவிட்டுப் பார்ப்பதுதான் சோதனை. அதற்கு இவர்கள் பேச வேண்டுமே! மாமா தானே ஒரு போலி சர்வர் செய்து அதற்கு அனுப்பினார். தம்பி தானே ஒரு போலி கிளையன்ட் செய்து அதனிடம் வாங்கினான். போலிகள் எதிர்த்துப் பேசாது. இருவர் திரையிலும் சோதனை தேறியதாகப் பச்சை விழுந்தது. மேனேஜர் கைதட்டினார்.

இதற்கிடையில் தம்பி, ஒவ்வாமைக் கட்டத்தின் அடையாளத்தைத் தன் பக்கம் மாற்றியிருந்தான். இரண்டு பக்கத்து அடையாளமும் பொருந்தாவிட்டால் ஜாவா சண்டை போடாது. கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு மேலே போய்விடும். காலி என்றால் மருந்தகத் திரையில் ‘ஒவ்வாமை இல்லை’ என்று வரும்.

அக்கா நுரையீரல் காய்ச்சலில் விழுந்தாள். அதே ஆஸ்பத்திரி. மாமா தானே நின்று பென்சிலின் விஷயத்தைப் பதிய வைத்தார்.

“நம்ம சிஸ்டம்தான், பயப்படாத.”

“தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்.”

“அவன்கிட்ட எனக்கென்ன பேச்சு?”

காய்ச்சலில் அவளுக்கு நினைவு தப்பியபோது நர்ஸ் ஊசி போட்டாள். மருந்தகம் அனுப்பிய மருந்துதான். டாக்டர் ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்ததும் மேனேஜர் இருவரையும் ஒரே கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தார். நிஜக் கிளையன்ட், நிஜ சர்வர். சிவப்பு விழுந்தது. மாமா ஒரே ஒரு வரியை மாற்றினார். பச்சை.

“மாத்தினத ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?”

“அக்காகிட்ட சொல்லி அனுப்பினேனே மாமா. சொல்லலையா?”

அவள் சொல்லத்தான் வந்தாள். “ஆபீஸ் விஷயம் உனக்கெதுக்கு? சோத்தப் போடு” என்று அதட்டியது மாமாவுக்கு நன்றாகவே நினைவிருந்தது.

“இல்லடா. சொல்லவே இல்ல.”

“அவ எப்பவுமே மறதிக்காரி” என்றான் தம்பி.