டோரதி எரிக்காத பெட்டி

எரித்துவிட்டாளாம்! எதை எரித்தாள், யார் பார்த்தார்கள்? பாலக்கரைக் குழாயடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வியாகுலம்மாள் சொல்கிறாளே, "நம்ம சகாயம்மாள் மக டோரதி கம்ப்யூட்டரை எரிச்சிட்டா, கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டாங்க" என்று, அவள் அந்தப் பெட்டியைக் கண்ணாலாவது கண்டிருப்பாளா? அது எரியவும் இல்லை, டோரதியை யாரும் தள்ளவும் இல்லை. நடந்ததை முதலில் கேட்கட்டும், வம்பை அப்புறம் பேசட்டும்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பாத்திரக்கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்தவர் ஸ்ரீரங்கத்துத் திருவேங்கடம். ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எண்பதுகளின் கடைசி அது. கம்ப்யூட்டர் என்ற பேரைச் சொன்னாலே ஜனங்கள் வாயைப் பிளந்த காலம். சென்டரின் போர்டு மாடி நீளத்துக்கு இருந்தது. உள்ளே இருந்தது ஒரே ஒரு பெட்டி. அதற்குத் தனி அறை, தனி ஏசி, வெல்வெட் போர்வை, முன்னால் ஒரு திரைச்சீலை. செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட வேண்டும். மாணவர்கள் வாரம் முழுக்க அட்டையில் வரைந்த எழுத்துகளைத் தட்டித் தட்டிப் பழகுவார்கள். வெள்ளிக்கிழமை திரை விலகும், தரிசனம் கிடைக்கும். சுவிட்ச் போடும் உரிமை திருவேங்கடத்துக்கு மட்டும்தான். அதுவும் ராகு காலம் இல்லாத நேரமாகப் பார்த்து.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பார்த்த வேலையை விட்டுவிட்டு டோரதி அங்கே பாடம் சொல்லிக்கொடுக்கப் போனது அந்தப் பெட்டிக்காகத்தான். முதன்முதலாகப் பச்சை எழுத்து ஓடியதைப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். "நான் சொல்றதை அது கேக்குதும்மா" என்றாள். வீட்டில் வேறு யார் கேட்டார்கள், பாவம்! ஊரில் இப்படிப் பெட்டி வைத்திருந்த இடங்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. பெட்டியைக் கெடுத்தவள் என்று ஒரு பேர் விழுந்துவிட்டால் அப்புறம் அவளை எவன் பக்கத்தில் விடுவான்?

ஆயுதபூஜை வந்தது. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. சுவரில் மெயின் போர்டுக்கு மேலும் மாவிலைத் தோரணம். டோரதியும் அறையைத் துடைத்துக் கொடுத்தாள், சுண்டல் வாங்கிக்கொண்டாள். குங்குமத்தை மட்டும் கைகூப்பி வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் விஜயதசமி, வெள்ளிக்கிழமையும்கூட. புது அட்மிஷனுக்கு அறை கொள்ளாமல் பெற்றோர்கள். திருவேங்கடம் திரையை விலக்கிச் சுவிட்சைத் தட்டினார். பெட்டி ஒரு முனகல்கூட முனகவில்லை.

பிளக்கைப் பிடுங்கித் துடைத்துச் சொருகினார். ரேடியோவைத் தட்டுவதுபோல் தலையில் தட்டினார். குளிர் போதவில்லை என்று ஏசியைக் கூட்டினார். கூட்டம் நடுங்கியது, பெட்டி அசையவில்லை. கைலாசபுரத்திலிருந்து மகளைச் சேர்க்க வந்திருந்த தாயுமானவன், "எங்க வீட்டு டார்ச்சு இப்படித்தாங்க மக்கர் பண்ணும். பேட்டரியைத் திருப்பிப் போட்டா எரிஞ்சிடும்" என்றார்.

"சார், ஸ்டெபிலைசர் முள்ளே ஏறல. பெட்டிக்குக் கரண்டே வரல போலிருக்கு. மெயின் போர்டைத் திறந்து பாக்கட்டுமா?" என்றாள் டோரதி.

"ஃபேன் சுத்தறது, ஏசி ஓடறது, கரண்ட் இல்லேங்கறியே! தோரணத்துல கை வைக்காதே!" கூட்டத்தின் பக்கம் திரும்பிக் குரலை இறக்கினார், எல்லாருக்கும் கேட்கிற அளவுக்கு. "கடைசியாத் தொட்டது இவதான். செருப்போட வந்தாளோ என்னமோ. பூஜையன்னிக்குக் குங்குமம்கூட வேண்டாம்னுட்டா. என்னத்தைச் சொல்றது?"

எல்லாருடைய கண்ணும் டோரதியின் காலுக்குப் போயிற்று. வெறுங்கால்தான். ஆனாலும் அவளுக்கு அதை எங்கே மறைப்பது என்று தெரியவில்லை. பாலக்கரை ஆள் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். வியாகுலம்மாளுக்குச் செய்தி போன வழி அதுதான்.

அந்த நேரத்தில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்கினாள் திருவேங்கடத்தின் மனைவி ரெங்கநாயகி. ஒரு கையில் சர்க்கரைப்பொங்கல் தூக்கு, மறு கையில் சந்தனம் பூசிய ஒரு வெள்ளைப் பீங்கான் கட்டை.

"ஏன்னா, பூஜைத் தட்டுல இது கிடந்துது. குத்துவிளக்கோட சேத்துப் புளி போட்டுத் தேய்ச்சிருப்பேன். நல்ல வேளை, பாத்தேன். என்னதிது?"

மெயின் போர்டில் சொருகும் ஃபியூஸ், பீஸ் கட்டை! பூஜையன்று ஆயுதத்துக்கு ஓய்வு அல்லவா? எல்லாரும் போன பிறகு, பெட்டியை யாரும் போட்டுவிடக் கூடாது என்று, அதன் தனி லைனுக்குரிய கட்டையைப் பிடுங்கிப் பூஜைத் தட்டில் வைத்தவர் சாட்சாத் திருவேங்கடமேதான். வைத்ததை மறந்தார். தட்டு ஸ்ரீரங்கம் போய்விட்டது.

தோரணத்தை ஒதுக்கி அதைச் சொருகினார். பெட்டி உறுமியது, பச்சை எழுத்து வந்தது. கூட்டம் கை தட்டியது.

"எல்லாம் பெருமாள் கடாட்சம்" என்றார் திருவேங்கடம். "ஆரம்பிம்மா டோரதி."

அவள் நகரவில்லை. "பிடுங்கினது நீங்கதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். எல்லாரும் இருக்கறப்பவே."

"சுபமா நடக்கறச்சே அது எதுக்கு? பக்கத்துல இருக்கறவ நீதான் ஞாபகப்படுத்தியிருக்கணும்."

"பிடுங்குனப்ப நான் வீட்டுல இருந்தேனே சார். சொல்லலைன்னா நான் கெளம்புறேன்."

"போறதுன்னா பன்னண்டுக்கு மேல போ. இப்போ ராகு காலம்."

"பெட்டியை இப்பத்தானே போட்டீங்க? அதுக்கு மட்டும் ராகு காலம் இல்லீங்களா?"

தாயுமானவன் சிரித்துவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். திருவேங்கடம் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பொங்கல் தூக்கைப் பார்த்தார்.

டோரதி வெளியே போய்ப் படிக்கட்டில் செருப்பை மாட்டினாள். குடையும் டிபன் பாக்ஸும் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. செருப்புக் காலோடு திரும்பி வந்தாள். டக், டக் என்று திரைச்சீலையைத் தாண்டி, கழற்றி வைத்திருந்த வெல்வெட் போர்வையைத் தாண்டி, பெட்டியை ஒட்டி நின்று இரண்டையும் எடுத்துக்கொண்டாள். அந்தப் பச்சை எழுத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு வாசலைத் தாண்டிப் படியிறங்கிப் போனாள்.

பெட்டி அணையவில்லை. எரிந்துகொண்டேதான் இருந்தது.