வள்ளத்துப் பெயிண்ட்

கடலைத் தாங்குகிற பெயிண்ட் எதையும் தாங்கும் என்று நான் நம்பியிருந்தேன். உப்புத்தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்து, மணலில் இழுபட்டும் போகாத நிறம், மேசையில் சும்மா நிற்கிற கட்டைவிரல் உயரப் பொம்மையில் நிற்காதா? ஐம்பது வயது தாண்டிய, பிறருக்குப் புத்தி சொல்லியே பிழைக்கிற ஒருவன் இதை நம்பினான்.

பொம்மை என்று சொல்லக்கூடாது, மினியேச்சர் என்று சொல்ல வேண்டும். மகள் திருத்துவாள். பெங்களூரில் வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்ததும் அம்மாவுக்குச் சேலையும் எனக்கு வேட்டியும் எடுத்தாள். தனக்கு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டாள். மேசையில் விரித்து நாலைந்து பேர் உட்கார்ந்து ஆடுகிற விளையாட்டு. அதற்குள் வாள் பிடித்த வீரர்கள், கோடாலியோடு தாடிக்காரன் ஒருவன், கையில் கோலுடன் ஒரு சூனியக்காரி, கும்பலாகக் குட்டிப் பூதங்கள், எல்லோருக்கும் மேலே இறக்கை விரித்த டிராகன். அத்தனையும் ஒரே சாம்பல் நிறப் பிளாஸ்டிக். தன் அறையில் வைக்க இடமில்லை என்று பெட்டியை எங்கள் அலமாரி மேல் ஏற்றிவிட்டுப் போயிருந்தாள்.

ஆடியில், கர்க்கடக மழை தொடங்கிய சமயம் போன் வந்தது.

"அப்பா, ஓணத்துக்கு எனக்க கூட வேலை செய்யியவங்க ரெண்டு பேரு வாறாங்க. அந்தப் பெட்டியை வச்சுத்தான் விளையாட்டு. கலரு அடிச்சிருந்தா கொள்ளாம். ஆனா அதுக்கான பெயிண்டுக்க விலையைப் பாத்தா தலை சுத்துது."

விலைப்பட்டியலை அனுப்பியிருந்தாள். பார்த்தேன். நகப்பூச்சுக் குப்பி அளவில் குட்டிக் குட்டிக் குப்பிகள். ஒரு குப்பிக்குக் கேட்கிற பைசாவில் எங்கள் வீட்டு கேட்டின் ஒரு கதவைப் பூசி முடித்துவிடலாம். அதில் தோலுக்கு மட்டுமே மூன்று குப்பி: வெளிச்சம் படுகிற தோல், நிழலில் இருக்கிற தோல், சும்மா இருக்கிற தோல். நான் பிறந்ததிலிருந்து ஒரே தோலை வைத்துக்கொண்டு சமாளித்து வருகிறேன்.

"நீ கவலைப்படாத மோளே. அப்பா இஞ்ச உண்டுல்லா?"

"அதாக்கும் எனக்குக் கவலை. வீட்டுக்கு அடிக்கிய பெயிண்டை எடுத்து அடிச்சுப் போடாதீங்க, கேட்டேளா?"

"வீட்டுக்கு அடிக்கிய பெயிண்டைத் தொடமாட்டேன். சத்தியமாட்டு."

நெய்யாற்றின்கரையில் ஆதாரம் எழுதுவது என் தொழில். தமிழ்நாட்டுப் பக்கம் பத்திர எழுத்தர் என்பார்கள். நிலத்தை விற்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் எழுதிக் கொடுத்து எழுதிக் கொடுத்து, ஒரு வாக்கியத்தில் எங்கே சந்து இருக்கிறது என்று மூக்கு தானாகத் தேடும். நான் வாக்குக் கொடுத்தது வீட்டுப் பெயிண்டைப் பற்றி மட்டும்.

முதலில் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற பனச்சமூட்டுக்குத்தான் போனேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு நோய் உண்டு. எதை வாங்கினாலும் எல்லைக்கு அந்தப் பக்கம் விலை குறைவு என்று தோன்றும். இந்தப் பக்கத்துக் குன்னத்துகால்காரன் அங்கே போய் வாங்குவான், அங்குள்ளவன் இங்கே வந்து வாங்குவான். இருவரும் வழியில் பஸ் ஜன்னல் வழியாகக் கையசைத்துக்கொள்வார்கள். பஸ் கூலியை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

தமிழ்நாட்டுக்காரர் ஒருவரின் பெயிண்ட் கடையில் ஏறினேன்.

"எத்தனை சதுர அடி வரும்?" என்றார் கடைக்காரர்.

சட்டைப் பையிலிருந்து தாடிக்காரனை எடுத்து மேசையில் நிறுத்தினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"உள்பக்கமும் உண்டா, வெளிப்பக்கம் மட்டுமா?"

"வெளிப்பக்கம் மட்டும்."

"ஒரு லிட்டரு கொண்டு போனா இவனுக்க ஏழு தலைமுறைக்கும் அடிக்கலாம்."

தோல் நிறம் இருக்கிறதா என்று கேட்டேன். பிஸ்கட் நிறம் உண்டு என்றார். பெயிண்ட் வாங்காமல், இருந்ததிலேயே சின்ன பிரஷ் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினேன். அரை அங்குலம். தாடிக்காரனின் தலையைவிட அகலம்.

பெயிண்டுக்கு எனக்கு வேறு வழி இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கணக்கைப் பார்த்து எழுதித் தோற்றவன் ஒருவன். பூவாறுக்கு அப்பால் கடற்கரையில் வீடு. சொந்தமாக மீன்பிடி வள்ளம் வைத்திருக்கிறான். கர்க்கடகத்தில் கடல் பொங்கிக் கிடக்கும்போது வள்ளத்தை ஓலைக்கொட்டகைக்குள் ஏற்றி வைத்துப் பெயிண்ட் அடிப்பான். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு என எல்லா டின்னிலும் அடியில் கொஞ்சம் மிஞ்சும். அதைச் சும்மாவே கொடுத்தான், கூடவே அறிவுரையும் சும்மாவே கொடுத்தான்.

"மூணு கோட்டு அடிக்கணும் மக்கா. ஒண்ணு உப்புக்கு, ஒண்ணு வெயிலுக்கு, ஒண்ணு கண்ணேறுக்கு. கட்டியாட்டு அடி. தண்ணியாட்டு அடிச்சா கடலு நக்கிட்டுப் போவும்."

"எலே, இது வள்ளம் இல்ல. பொம்மையாக்கும்."

"பொம்மைக்குக் கண்ணு படாதா? பெங்களூருக்காரங்க வந்து பாக்கியதுல்லா? நாலு கோட்டு அடி."

நான் மூன்றோடு நிறுத்தினேன். அந்த அளவுக்கு எனக்குப் பகுத்தறிவு உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பேப்பர் விரித்து உட்கார்ந்து உப்புக்கு அடித்தேன். அடுத்தடுத்த சாயங்காலங்களில் வெயிலுக்கும் கண்ணேறுக்கும் அடித்தேன். எவனெவனுடைய நிலத்துக்கோ வடக்கெல்லை தெற்கெல்லை பிசகாமல் எழுதுகிற கை, ஒரு கேடயத்தின் எல்லைக்குள் சிவப்பை நிறுத்த முடியாமல் திணறியது. சிவப்பு தாடிக்குள் புகுந்தது. தாடியின் மஞ்சள் கண்ணுக்குள் இறங்கியது. மூன்றாவது கோட்டுக்குப் பிறகு கண் எங்கே இருந்தது என்பதே தெரியவில்லை. சூனியக்காரியின் கோலும் கையும் ஒன்றாகிவிட்டன. இறக்கை விரித்த டிராகன் மழையில் நனைந்த குடை மாதிரி நின்றது.

மனைவி வந்து, குட்டிப் பூதம் ஒன்றைக் கரண்டியின் காம்பால் தள்ளிப் பார்த்தாள்.

"இது என்னவாக்கும்? ஓணத்துக்குச் சர்க்கரை உப்பேரி இப்பமே போட்டாச்சா?"

வெல்லப்பாகில் புரட்டிய வாழைக்காய்த் துண்டு. அதற்குப் பிறகு எத்தனை முறை பார்த்தாலும் எனக்கும் அதுதான் தெரிந்தது.

இதைவிடப் பெரிய தொல்லை, பெயிண்ட் காயவே இல்லை. மழை விட்டால்தானே காயும். தொட்டால் விரலோடு வந்தது. பேன் காற்றில் வைத்தேன். முடி உலர்த்துகிற மிஷினைப் பிடித்தேன். அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் வரிசையாக நிறுத்தினேன்.

"இஞ்ச கொண்டு வச்சா நான் கண்ணு தெரியாம எடுத்து எண்ணெயில போட்டுடுவேன். பின்ன என்னைக் குத்தம் சொல்லப்பிடாது" என்றாள் மனைவி.

அந்த நேரம் பார்த்து மகளின் செய்தி. "அப்பா, எப்படிப் போவுது? போட்டோ அனுப்புங்க."

நான் மழையின் போட்டோவை அனுப்பினேன்.

முதல் சம்பளத்தில் வாங்கிய பெட்டி. கூட வேலை செய்கிறவர்களிடம் எங்கள் அப்பாதான் பெயிண்ட் அடிக்கிறார் என்று பெருமை பேசியிருப்பாள். மூன்றுபேரும் பஸ்ஸில் வந்து இறங்கி, மேசையைத் துடைத்து, பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு கிலோ சர்க்கரை உப்பேரி. ஆபீசில் உட்கார்ந்து ஒருவருடைய பதினைந்து சென்ட் நிலத்துக்கு நான்கெல்லை எழுதும்போது என் நான்கெல்லை கண்முன் வந்தது. கிழக்கே மகளின் கோபம், மேற்கே மனைவியின் சிரிப்பு, வடக்கே பெங்களூர்க்காரர்கள், தெற்கே கடல். ஓடுவதற்கு வழி விட்டதாக ஆதாரத்தில் இல்லை.

பெயிண்டைக் கழுவ தின்னர் போதுமே என்று தோன்றியது. வாங்கினேன். நல்லவேளை, பயத்தில் ஒரு குட்டிப் பூதத்தின் காலடி வட்டத்தில் மட்டும் பஞ்சால் தொட்டு, பெருவிரலை வைத்துத் தேய்த்தேன். பெயிண்ட் போயிற்று. கூடவே பிளாஸ்டிக்கும் வெண்ணெய் மாதிரி இளகி, விரலை எடுத்தபோது என் கைரேகை அப்படியே பதிந்திருந்தது. ரெஜிஸ்டர் ஆபீசில்கூட இவ்வளவு தெளிவாக விழுந்ததில்லை.

அன்றைக்கு மகளுக்கு நானே போன் செய்தேன்.

"மோளே, எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளு கேட்டாரு. இந்த மாதிரி பொம்மைக்கு எப்படிக் கலரு அடிக்கணும்?"

"மினியேச்சர். அந்த ஆளுக்கிட்டச் சொல்லுங்க, முதல்ல சாம்பல் பிரைமர் ஒரு கோட்டு. பின்ன அக்ரிலிக் பெயிண்டுல வெள்ளம் சேத்து, பாலாட்டு ஆக்கி, மெலிசா ரெண்டு கோட்டு. கட்டியாட்டு அடிச்சா மூஞ்சி போவும்."

போயாச்சு மோளே என்பது என் வாய்வரை வந்து திரும்பிப் போயிற்று.

"விலை கூடின பெயிண்டு வேண்டாமா?"

"முதல்ல பழகியதுக்கு வேண்டாம். பிள்ளைகளுக்கு விக்கிய சின்னக் குப்பி போதும். அஞ்சாறு நிறம் இருந்தா கலக்கி எடுக்கலாம். அந்த ஆளு நல்லா இருக்காரா அப்பா?"

"இருக்காரு. கொஞ்சம் பிரஷரு உண்டு."

பிறகு கடற்கரைக்காரனைக் கூப்பிட்டுத் திட்டினேன். மறுநாள் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு வந்தான். மேசைமேல் நின்ற கூட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"எனக்க வள்ளத்தைவிட நல்லா அடிச்சிருக்கியே. கடலுல விட்டா ஒண்ணும் ஆவாது."

"கடலுல விடத்தான் போறேன். உன்னையும் சேத்து."

"காஞ்சுதா?"

"எங்க காய? மழையைப் பாக்கல்லியா?"

"காயல்லியா?" சிரிக்கத் தொடங்கினான். "பின்ன என்னலே, துஷ்டி வீட்டுல அழுதுட்டு இருக்கியதுபோல இருக்கிய? வள்ளத்துக்கு அடிக்கும்போ எனக்க கையெல்லாம் பெயிண்டாக்கும். ராத்திரி நான் அப்படியேவா சோறு தின்னுவேன்?"

ஸ்கூட்டரின் முன்பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். வள்ளத்து எஞ்சினுக்கு வாங்கி வைக்கிற மண்ணெண்ணெய். முதலில் கைரேகை வைத்த பூதத்தின் காலடியில் தொட்டுப் பார்த்தோம். அது இளகவில்லை. பழைய பல் பிரஷ்களோடு இருவரும் வெளித்திண்டில் உட்கார்ந்தோம். கண்ணேறு போயிற்று, வெயில் போயிற்று, உப்பு போயிற்று. தாடிக்காரனின் கண் திறந்தது. சூனியக்காரி கோலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மனைவி சோப்புத் தண்ணீரில் ஒவ்வொருவரையும் குளிப்பாட்டித் துண்டில் போட்டாள். மழை பெய்துகொண்டே இருந்தது. அத்தனை நாள் நான் திட்டித் தீர்த்த மழை.

அதன்பிறகு ஒழுங்காகக் கடைக்குப் போனேன். எல்லை தாண்டவில்லை. என் ஆபீசுக்கு எதிரே இருக்கிற, பள்ளிப் பிள்ளைகள் மொய்க்கிற ஸ்டேஷனரி கடை. நான் எப்போதும் பேனா வாங்குகிற இடம்.

"எத்தனாவது கிளாஸ் பிள்ளைக்கு?" என்று கேட்டாள் கடைக்கார அக்கா.

"எனக்காக்கும் அக்கா."

"ஓ," என்றாள். அதற்கு மேல் கேட்காத நல்ல மனசு.

சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு எடுத்தேன். பச்சையைக் கையில் எடுத்துவிட்டு, நீலமும் மஞ்சளும் இருக்கும்போது அது எதற்கு என்று திரும்ப வைத்தேன். தவிட்டு நிறம் ஒன்றை மட்டும் தனியாக எடுத்தேன். செருப்பு, பெல்ட், முடி, கோடாலிக் காம்பு, பூதத்தின் கோவணம் எல்லாவற்றுக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது, கலக்கி எடுத்தால் ஒரே மாதிரி இரண்டாம் முறை வராது. வாள்களுக்காக ஒரு வெள்ளி நிறம். தோலுக்கு வெள்ளையில் தவிட்டையும் துளி சிவப்பையும் கலந்தேன். ஒரு குப்பிகூடத் தோலுக்கென்று வாங்கவில்லை. நல்ல பிரஷ் ஒன்று, சாதா பிரஷ் ஒன்று. பிரைமர் மட்டும் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற கடையில், சாம்பல் நிற ஸ்ப்ரே. மழை விட்ட ஒரு மத்தியானம் பார்த்து அடித்துக்கொண்டேன். எல்லாம் சேர்த்தும் மகள் அனுப்பிய பட்டியலில் இரண்டு குப்பிக்கு மேல் ஆகவில்லை.

ஓணத்துக்கு முந்தின நாள் மூன்றுபேரும் வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் மகள் மேசையைத் துடைத்துப் பெட்டியைத் திறந்தாள். நான் அடுக்களை வாசலில், தண்ணீர் குடிக்கிற பாவனையில் நின்றேன். வீரர்களை ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தாள். குட்டிப் பூதம் ஒன்றைத் தூக்கி அடியில் பார்த்தாள்.

"அப்பா, இது அந்த ஆளுக்க கைரேகையா?"

"ஓ, அவருக்கதாக்கும்."

மனைவி உள்ளேயிருந்து, "சர்க்கரை உப்பேரி எடுக்கட்டா?" என்றாள்.

நேரம் போதாமல் பாதிப் பேருக்குத்தான் நிறம் ஏறியிருந்தது. டிராகனும் பெரும்பாலான பூதங்களும் சாம்பல் நிறத்திலேயே நின்றன. அவர்கள் அப்படியே விளையாடினார்கள், என்னையும் உட்கார வைத்தார்கள். கைரேகை வைத்த பூதம் எனக்குக் கிடைத்தது. முதல் சுற்றிலேயே தாடிக்காரன் அதை வெட்டிப் போட்டான்.