சேற்றுக்குக் காய்ச்சிய கஞ்சி

அலுமினாத் தொழில் என்பது, வெள்ளைத் தூளை விற்றுவிட்டுச் சிவப்புச் சேற்றோடு குடித்தனம் நடத்தும் தொழில். பாக்சைட் மண்ணைக் காரச் சோடாவில் கொதிக்க வைத்தால் அலுமினா கரைந்து வரும். மிச்சம் செஞ்சேறாகத் தங்கும். காபி வடிகட்டியின் கசடை எங்கே கொட்டுவது என்று காலைதோறும் தவிக்கும் அன்பர்களே, அந்தத் தவிப்பை ஓர் ஏரியளவு பெருக்கிக்கொள்ளுங்கள். அதுவே சேலத்துக்கு அருகே எங்கள் ஆலையில், சேற்றை அடியில் படியவிட்டு நீரை மேலே பிரிக்கும் தெளிவுத்தொட்டிப் பிரிவு. அதன் மேற்பார்வையாளன் அடியேன். எட்டாம் வகுப்புக்குப் பின் பழைய புத்தகக் கடையே எனக்குக் கல்லூரி.

பத்து நாள் கெடு

ஒரு சமயம் தொட்டியிலிருந்து சேறு தண்ணீராகவே வெளியேறிற்று. விலையுயர்ந்த சோடாவும் அதனுடன் போயிற்று. சேற்றுக்குட்டையோ விளிம்பைத் தொட்டுவிட்டது. பத்து நாளில் சேறு கெட்டிப்படாவிட்டால் ஆலையை நிறுத்தி எங்களை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. மாவுப்பொருள் சேற்றைத் திரட்டி அமிழ்த்தும் என்று நான் படித்திருந்தேன். திரும்பிய பக்கமெல்லாம் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் இருக்கும் சீமையில் மரவள்ளி மாவுக்கா பஞ்சம்? மேலாளரிடம் விண்ணப்பித்தேன். நாமக்கல்காரரான அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க பெரியவரே, குட்டை ரொம்பிப் போச்சுன்னா ஜவ்வரிசிப் பாயசம் வெச்சுக் கும்புடச் சொல்றீங்களா?"

மாவு மிதந்த கதை

அனுமதி கிடைத்தது. மூட்டையைப் பிரித்து, தொட்டியின் மேல் மாவை என் கையாலேயே தூவினேன். அமிழ வேண்டிய மாவு உருண்டை உருண்டையாய்க் கொழுக்கட்டைபோல் மிதந்தது. தொட்டி இயக்குபவரான செல்வராசு இராசிபுரத்துத் தறிக்குடும்பத்தில் பிறந்தவர். அக்காட்சியைச் செல்பேசியில் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் ஏற்றிய பிறகே வாய் திறந்தார்.

"ஏனுங்ண்ணா, பாவு நூலுக்குப் போடற கஞ்சியவே கரைச்சுக் காச்சித்தான் போடுவோம். நீங்க மாவையே தூவறீங்க. தொட்டிக்குப் பவுடர் போட்டுப் பொண்ணு பாக்கவா கூட்டிட்டுப் போறோம்?"

அண்டா

காய்ச்சுவதென்று தீர்மானித்தோம். சிறிது சோடாவும் கலந்தால்தான் மாவு நன்கு கரையும். ஆலை உணவகத்துப் பழனியம்மாளிடம் சோறு வடிக்கும் பெரிய அண்டாவை இரவல் வாங்கி, கொல்லைப்புறத்தில் அடுப்பேற்றி, சோடாவை ஊற்றினோம். ஊற்றியதுதான் தாமதம், அண்டா சீறியது, நுரை பொங்கியது, நாங்கள் அனைவரும் வேலியைத் தாண்டி நின்றோம். அது அலுமினிய அண்டா! மண்ணிலிருக்கும் அலுமினாவையே கரைத்தெடுக்கும் சோடா, கையில் கிடைத்த அலுமினியத்தை விட்டுவைக்குமா? பிழைப்பே அதுவாக இருக்கும் எங்களில் ஒருவருக்கேனும் அது தோன்றவில்லை. ஓசை அடங்கிய பின் பழனியம்மாள் அண்டாவின் அடிப்பக்கத்தின் வழியே என் முகத்தைப் பார்த்தார்.

"அலுமினியத்துக்குப் பொடி செய்யற ஆலைன்னு சொன்னாங்க சாமி. அலுமினியத்தத் திங்கற ஆலைன்னு ஒருத்தரும் சொல்லலையே!"

ஒன்பதாம் நாள்

இரும்புப் பீப்பாயில் மீண்டும் காய்ச்சினோம். பக்குவம் செல்வராசுவுடையது; கையுறை மாட்டிய விரலிடையே கஞ்சியைத் தொட்டு இழுத்துப் பார்ப்பார். தொட்டியில் விட்டதும் சேறு கூட்டங்கூட்டமாய்த் திரண்டு இறங்கிற்று. மேலே நின்ற நீர் பால் விடாத கட்டன் தேநீராகத் தெளிந்தது. சோடா கலந்த அந்நீரைத் திரும்ப ஆலைக்கே அனுப்பினோம். ஆனந்த மிகுதியால் இருமடங்கு கஞ்சி விட்டதும், தொட்டியடியில் சேற்றைத் தள்ளும் இரும்புக் கரங்கள் முனகி நின்றதும், அரைநாள் கடப்பாரையோடு போராடியதும் தனி வேதனை. அளவைக் குறைத்தோம். ஒன்பதாம் நாள் மாலை, குழாய்வாயில் சேறு இராகிக்களியாய்த் தொப்பென்று விழுந்தது. குட்டையில் அது படர்ந்தோடவில்லை; விழுந்த இடத்திலேயே குவிந்தது. செல்வராசு என்னைத் தூக்கிச் சுற்றினார். என் வயதை நினைவூட்டியும் இறக்கவில்லை. மேலாளர் ஒரு குச்சியால் குத்திப் பார்த்துவிட்டு நீண்ட மூச்செறிந்தார்.

"ஆலைய நிறுத்த வேண்டியதில்லைங்க. ஆனா மேலிடத்துல இருந்து வந்து கேட்டா, கெழங்கு மாவுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. வாயில நொழையாத பேரா ஒண்ண யோசிச்சு வெய்யுங்க; அப்பத்தான் நம்புவாங்க."

அந்தப் பத்து நாளில் சேறும் குறைந்தது, என் கர்வமும் குறைந்தது. பின்னது மட்டும் ஒரு வாரத்தில் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது.