ஈரக் கையால் திறக்கும் இழுப்பறை

பட்டறையில் அவளை எல்லோரும் மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே மயிரிழை கூடினாலும் கீலைக் கழற்றி மறுபடி பூட்டுகிறவள். பத்து வருஷம் ஹார்ட்வேர் கடையில் திருகாணி எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் பதினைந்து வருஷம் அக்கா வீட்டுக்காரரின் கான்ட்ராக்டில் கடைசிக்கட்ட வேலை முழுக்க அவள் தலையில். குளியலறை வாஷ்பேசினுக்கு அடியில் யாராவது அலமாரியைச் செய்து நிறுத்திவிட்டுப் போவார்கள். விளிம்புக்குப் பீடிங் என்கிற மெல்லிய மரப்பட்டை ஒட்டுவது, கைப்பிடி பூட்டுவது, தண்ணீர் இறங்காமல் சுவரோரம் சிலிக்கான் பசை இழுப்பது எல்லாம் இவள் பாடு. பேர் வாங்குவது அத்தான்.

நாற்பத்தாறு வயதில், இனி தனியாக வேலை எடுக்கப்போவதாகச் சொன்னாள். அத்தான் சண்டை போடவில்லை, சிரித்தார். "போய்ட்டு வா. திங்கக்கிழமைக்கு உனக்கு இங்க வேலை எடுத்து வெக்கிறேன்" என்றார். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

ஒரு முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு குளியலறைகளுக்கு அதே வாஷ்பேசின் அலமாரி வேலை கிடைத்தது. கீழே நான்கு, மாடியில் எட்டு. கீழே செய்தது பிடித்தால்தான் மாடி. இல்லையென்றால் திங்கட்கிழமை அத்தான் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

மூன்று நாளில் நான்கையும் முடித்தாள். அலமாரிக்கு ஒரு கதவு, இரண்டு இழுப்பறை. கதவுக்கு ஓரத்தில், இழுப்பறைக்கு நட்டநடுவே ஒவ்வொரு துளை, அதில் பளபளவென்று ஓர் உருண்டைக் குமிழ். டேப்பை வைத்துப் பார்த்தாள், ஒன்றுகூடப் பிசகவில்லை.

இல்லத்தின் தலைமை நர்ஸம்மா பார்க்க வந்தார். பளபளப்பையெல்லாம் அவர் கண்டுகொள்ளவில்லை. குழாயைத் திறந்து கையில் சோப்புப் போட்டு, விரல்களை மடக்கி வைத்துக்கொண்டே குமிழை இழுத்தார். வழுக்கியது. இன்னொரு தரம் இழுத்தார். அப்போதும் வழுக்கியது.

"இங்க முக்காவாசிப் பேருக்கு விரல் நிமிராது. ஈரக் கையோடதான் இதைத் தொடுவாங்க. நீங்க எந்தக் கையால திறந்து பாத்தீங்க?"

அவள் எப்போதும், குமிழில் ரேகை விழக்கூடாதென்று கையைத் துணியில் அழுத்தித் துடைத்த பிறகுதான் திறந்து பார்ப்பாள். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். நாளை மதியம் வரை நேரம் கொடுத்துவிட்டு நர்ஸம்மா போய்விட்டார்.

நான்கு விரலும் உள்ளே போகிற வளைவுக் கைப்பிடி போட வேண்டும். அதற்கு இரண்டு துளை வேண்டும். கதவுகளில் சிக்கலில்லை, இருக்கிற துளைக்குக் கீழே இன்னொன்று போட்டால் ஆயிற்று. இழுப்பறையில் அது நடக்காது. பழைய துளையையே ஒரு முனைக்கு வைத்துக் கைப்பிடி ஓரமாகப் போனால் இழுக்கும்போது கோணிக்கொண்டு மாட்டும். நடுவில் வைத்தாலோ, பழைய துளை கைப்பிடிக்குப் பின்னால், விழுந்த பல்லின் ஓட்டை மாதிரித் தெரியும். புது முகப்புப் பலகை வர ஒரு வாரம் ஆகும்.

போனில் விஷயத்தைக் கேட்ட அக்கா, அத்தானிடம் சொல்லி ஆள் அனுப்பட்டுமா என்றாள்.

"வேணாங்க்கா. அவர் ஆள் வந்தா அது அவர் வேலையாயிடும்."

மூலையில் மிச்சப் பீடிங் கட்டாகக் கிடந்தது. ஒவ்வொரு இழுப்பறைத் துளையிலும் அடைப்பாக ஒரு மரச்சக்கையைப் பசை தொட்டு அடித்தாள். அதன்மேல் முகப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தட்டைப் பீடிங்கைப் பட்டையாக ஒட்டினாள். விளிம்பிலும் அதே நிறம் என்பதால், முதலிலேயே அப்படித்தான் திட்டம் போலிருந்தது. கனம் கூடியதில் திருகாணி எட்டவில்லை. எந்த நீளம் வேண்டும் என்பது கடையில் நின்ற பத்து வருஷத்தில் கைக்கே தெரியும். ஓடிப்போய் வாங்கி வந்து வளைவுக் கைப்பிடிகளைப் பூட்டினாள். வயதானவர்களின் தோல் சட்டென்று கிழியும் என்று பீடிங்கின் முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். பிறகு கையில் சோப்பு, மடக்கிய விரல். எட்டு இழுப்பறையையும் அப்படியே திறந்து பார்த்தாள்.

மறுநாள் நர்ஸம்மா தனியாக வரவில்லை. கை மடங்கிப்போன ஒரு பெரியவரைக் கூட்டிவந்து, முகம் கழுவச் சொன்னார். கழுவி முடித்த அவர், சொட்டும் கையை அப்படியே கைப்பிடிக்குள் கொக்கி மாதிரி மாட்டி இழுத்தார். இழுப்பறை வந்தது. உள்ளே நர்ஸம்மா வைத்திருந்த சீப்பை எடுத்தார்.

"சீப்பு கைக்கு வந்திடுச்சு. முடிக்கு யாருகிட்ட மனு போடறது?" என்றார், வழுக்கைத் தலையைத் தடவியபடி.

நர்ஸம்மா சிரித்துக்கொண்டே மாடிக் குளியலறைகளின் சாவிக்கொத்தை நீட்டினார். துளை போடுவதற்கு முன் தன்னை ஒரு வார்த்தை கேட்கச் சொன்னார்.

"உங்களைக் கேக்கறேம்மா. அதுக்கு முன்னாடி அந்தந்த ரூம்ல இருக்கறவங்களைக் கேட்டுடறேன்" என்றாள்.

மாடியில் முதல் கதவைத் தட்டினாள். உள்ளே இருந்த வயதான அம்மாவிடம், கையைக் கொஞ்சம் காட்டச் சொன்னாள்.