பிரமிளா அக்கா மறுபடியும் நோயாளியாகிறார்

செருப்பைக் கழற்றிவிட்டு எக்ஸ்ரே மேசைமேல் மல்லாந்து படுத்துக்கொள்கிறார் பிரமிளா அக்கா. கருவி அணைந்திருக்கிறது. பயிற்சிக்கு வந்திருக்கும் எங்களுக்குப் படம் எடுக்கக் கற்றுத்தரும் அவர்தான் இப்போது நோயாளி. மூச்சை அடக்கச் சொன்னால் வேண்டுமென்றே இருமுவார். திரும்பிப் படுக்கச் சொன்னால், "எந்தப் பக்கம்லா? உன் பக்கமா, என் பக்கமா?" என்பார். குரலை உயர்த்தினால் தொலைந்தோம். "எனக்கு வயித்துலதான் கோளாறு. காது நல்லாத்தான் கேக்குது."

செமோரிலிருந்து ஈப்போ மருத்துவமனைக்குத் தினமும் கார் ஓட்டி வருகிறார். யாரையும் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். குடல் படத்துக்கான வெள்ளை மருந்தைக் கலக்கினால், ஒரு வாய் தானே சுவைத்துவிட்டு, "ருசி மோசம்தான், பொய் சொல்ல மாட்டேன்" என்றுதான் குவளையை நீட்டுவார்.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். சிறுநீரகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் தெரியும். முன்பின் தெரியாத ஒருவரிடம் 'ஒண்ணுக்குப் போங்க' என்று எப்படிச் சொல்வது?

சென்ற வாரம் தாப்பாவிலிருந்து மாயாண்டி வந்தார், கேமரன் மலைக் காய்கறி லோரி ஓட்டுபவர். சிறுநீர் எங்கே அடைபடுகிறது என்று பார்க்கும் சோதனை. மருத்துவர் குழாய்வழியாக மருந்து நீரைச் சிறுநீர்ப்பையில் நிரப்பிவிட்டுக் குழாயை எடுத்துவிட்டார். இனி அவர் கருவிமுன் நின்று போத்தலில் சிறுநீர் கழிக்க வேண்டும். அப்போதே படம் பிடிக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெண்களாக அக்காவும் நானும். அவருக்கு வரவில்லை. இன்று தவறினால் மறுபடியும் குழாய்.

"இன்னொரு தடவைன்னா நான் வரவே மாட்டேன், மிஸ்ஸி" என்றார்.

மைக்கில் நான், "இப்பொழுது சிறுநீர் கழிக்கவும்" என்றேன். அவர் தோள்கள் இன்னும் இறுகின.

"கோயில்ல அறிவிப்பா செய்யுற?" என்று காதோடு கடிந்துகொண்டு அக்கா மைக்கை வாங்கினார். மாயாண்டி நின்ற அறையின் விளக்கை அணைத்தார்.

"அண்ணே, கேமரன் மலையிலேருந்து காய்கறி ஏத்திக்கிட்டு எப்படிண்ணே இறங்குறீங்க? எனக்கு வெறுங்கார்லயே கை நடுங்குது."

"பிரேக்க நம்பக்கூடாது தங்கச்சி. ரெண்டாவது கியர்லயே பெலான் பெலான், மெள்ள மெள்ள எறக்கணும். அந்த வளைவு வந்துச்சின்னா..."

பேச்சு நின்றது. திரையில் மருந்து நீர் ஒரு கோடாக மெல்ல இறங்கியது. நடுவே ஓரிடத்தில் நூலாக இளைத்தது.

"அமுக்குலா" என்றார் அக்கா, மூச்சோடு மூச்சாக. பொத்தானை அமுக்கினேன். அடைப்பு படத்தில் விழுந்துவிட்டது.

"படம் கெடச்சிருச்சுண்ணே. நிதானமா முடிச்சுக்குங்க."

துண்டோடு கதவைத் தள்ளப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு, தினமும் தான் புழங்கும் அந்த அறையின் கதவை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிவிட்டு, உள்ளிருந்து "வாங்க" என்று குரல் வரும்வரை சுவரைப் பார்த்தபடி நின்றார்.