சியானில் சுடுதண்ணி

இன்று ஒஸ்லோவில் மோர்டென்ஸ்ருட் போகும் ரயிலில் சுகந்தி அக்காவைக் கண்டோம். சீனாவில் சியான் நகரத்தைக் குடும்பத்தோடு பார்த்துவிட்டுப் போன மாதம்தான் வந்தவர். கோடையில் நாங்களும் போகிறோம் என்றதும் தொடங்கினார்.

“காசு கட்டுற ஆப்பை இஞ்சையே போனில போட்டுச் சரிபாருங்கோ. அந்தப் பழைய மண் சிப்பாய்ச் சிலையளைப் பாக்கப் போனால் பாஸ்போர்ட் கேப்பினம். சாப்பாட்டுக் கடையில கேளாமலே சுடுதண்ணி வைப்பினம்.”

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒஸ்லோவில் எந்த உணவகத்திலும் சுடுதண்ணீர் கேட்பவர். அவர் கேட்கும்போதெல்லாம் மகள் மெனுவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வாள்.

“குளிர்தண்ணி தரமாட்டினமோ?” என்றாள் மகள்.

“கேட்டால் தருவினம். ஒரு மாதிரித்தான் பாப்பினம்.”

“நீ வடிவாய்க் கேள் பிள்ளை” என்றார் கணவர். “நான் மெனுவுக்குப் பின்னால ஒளிச்சுக்கொள்ளுறன்.”

குளிர்தண்ணீரைச் சீன மொழியில் எப்படிக் கேட்பது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். மகளுக்கு அவசரம்.